பழைய வாச்சிக்குப் புதிதாக உருக்கு வைக்கலாமா, இருப்பதையே காப்பாற்றலாமா?

காவிரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் வீட்டு வேலையும் மாட்டுவண்டி வேலையும் செய்துவந்த தச்சர். அவருடைய உளிகளும் இழைப்புளிகளும் பங்காளிகளிடையே பிரிந்து போய்விட்டன. என் பங்குக்கு வந்தது மரத்தைக் கொத்திச் செதுக்கும் வாச்சி ஒன்று மட்டுமே. பத்தாயத்தின் அடியில் நெடுங்காலம் கிடந்ததால் மேலெல்லாம் துருவேறி, காம்பு உளுத்து, காம்பு நுழையும் துளையின் ஓரத்தில் மெல்லிய விரிசலோடு அது என் கைக்கு வந்தது. வாயின் சரிவு காம்பைப் பார்த்த உட்புறத்தில் இருக்கிறது; வெளிமுகம் லேசாக வளைந்து வழவழப்பாக இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து அலகு குட்டையாகிவிட்டது.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, சாணை பிடிக்கக் கொடுத்த இடத்தில் மின்சாணைக் கல்லில் அழுத்திப் பிடித்ததால் வாயின் வலது மூலையில் நீலம் பாய்ந்துவிட்டது என்பதுதான். காய்ந்த வேப்பங்கட்டையில் கொத்திப் பார்த்தால் அந்த மூலை மட்டும் உடனே மடங்கிவிடுகிறது. மற்ற பகுதி ஓரளவு தாங்குகிறது.

வீட்டின் பின்கட்டில் சிறிய கரி உலை ஒன்று வைத்திருக்கிறேன். கொக்கி, ஆணி, களைக்கொத்து போன்றவற்றை அடித்துப் பழகியிருக்கிறேன். இரும்போடு இரும்பைப் பற்றவைத்த பழக்கம் இல்லை. இந்த வாச்சியை மறுபடியும் வேலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் விருப்பம். அப்படியே உலையில் காய்ச்சி, வாயை அடித்து நீட்டி, மீண்டும் தோய்ச்சல் கொடுத்து, அதாவது காய்ச்சியதை எண்ணெயிலோ நீரிலோ முக்கிக் கெட்டியாக்கிவிடலாமா, அல்லது வாயில் புதிய உருக்கு (எஃகு) வைக்க வேண்டுமா? துருவை எப்படி நீக்குவது? இதைப் பார்த்து அன்றாட வேலைக்கு இன்னொரு வாச்சி செய்துகொள்ள நினைக்கிறேன். லாரிப் பட்டை (லாரியின் வில் பட்டை) அதற்கு ஆகுமா? இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்லுக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் விலை பேசியிருக்கிறேன். அதைப் பற்றியும் சொன்னால் நன்றாக இருக்கும்.

கரிநெருப்பு:

வணக்கம், நண்பரே. முதலில் ஒன்றை வற்புறுத்திச் சொல்லிவிடுகிறேன்: அந்த வாச்சி எதனால் ஆனது என்று உங்களுக்குத் தெரியும் வரை அதை உலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய கருவி ஒன்றைத் தீயில் வைத்த பிறகு அதன் பழைய பதத்தைத் திரும்பப் பெற முடியாது. துருவை நீக்குவது, தீட்டுவது, காம்பு மாற்றுவது ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

அந்தக் காலத்துக் கருவிகளில் பெரும்பாலானவை ஒரே இரும்பால் ஆனவை அல்ல. எஃகு விலை உயர்ந்தது என்பதால் உடம்பைத் தேனிரும்பில் (கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பு) அடித்து, வெட்டும் வாய்க்கு மட்டும் மெல்லிய எஃகுத் தகட்டைப் பற்றவைப்பார்கள். உங்கள் வாச்சியில் சரிவு உட்புறம் இருப்பதால் எஃகு வெளிமுகத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் தீட்டும்போது தேய்வது உட்புறத்து மென்மையான இரும்புதான், வெளிமுகத்து எஃகு வாயாக நின்றுகொண்டே இருக்கும். அப்படி ஒரு தகடு இருந்து, அதில் இன்னும் மிச்சம் இருந்தால், அடித்து நீட்டும் எண்ணத்தையே நீங்கள் விட்டுவிட வேண்டும். எஃகு மெலிந்து இரும்போடு கரைந்து போகும். திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதிலுள்ள கரியும் (கார்பன்) மேற்பரப்பிலிருந்து எரிந்துபோகும். மேலும் தேனிரும்புக்குள் கசடு நீள நீளமான இழைகளாகப் பனஞ்சிராம்பு போல ஓடிக்கொண்டிருக்கும். நல்ல மஞ்சள் சூட்டில் அடித்தால்தான் அது ஒன்றுசேர்ந்து இழையும். வெறும் சிவப்புச் சூட்டில் அடித்தால் இழை இழையாகப் பிளக்கும். கடையில் வாங்கிய எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பியில் பழகிய கைக்கு இந்த வேறுபாடு பிடிபட நாளாகும்.

எஃகு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்கு வழி இருக்கிறது. வாய்க்கு அருகில் பக்கவாட்டு விளிம்பையும் சரிவையும் நூற்றிருபது எண் உப்புத்தாளில் தொடங்கி நானூறு வரை தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்த பின், மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் சர்க்யூட் பலகை அரிப்பதற்காகக் கிடைக்கும் பெரிக் குளோரைடு கரைசலை நான்கு பங்கு தண்ணீரில் கலந்து, பஞ்சால் தடவி ஒரு நிமிடம் விடுங்கள். எஃகு கருஞ்சாம்பல் நிறமாக மாறும். தேனிரும்பு வெளிறிய நிறத்தில், ஓடும் இழைகளோடு தெரியும். இரண்டும் பற்றிய இடம் ஒரு கோடாக நிற்கும். உடனே சோடா கரைத்த நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள். அந்தக் கரைசல் துணியிலும் தரையிலும் பட்டால் கறை போகாது.

உங்கள் வாச்சி அலகிலோ துளைக்கு மேலோ ஏதாவது முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று ஆங்கில எழுத்தில் குத்தியிருந்தால் அது பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போன்ற ஊர்களிலிருந்து வந்த சரக்கு. 1740-களில் அங்கே பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் தொடங்கிவைத்த முறையில், மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலம்) உருக்கி வார்த்த எஃகு என்பதையே அந்தச் சொற்கள் குறிக்கின்றன. எழுத்து எதுவும் இல்லாவிட்டால் உள்ளூர்ப் பட்டறை வேலையாக இருக்கலாம்.

நீலம் பாய்ந்த மூலையைப் பற்றி நீங்கள் அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. தோய்ச்சல் கொடுத்த எஃகு ஏறக்குறைய 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறமும், 250-இல் பழுப்பும், 280-இல் ஊதாவும், 300-ஐ ஒட்டி நீலமும் காட்டும். நீலம் என்றால் அந்த இடம் வாச்சி வாய்க்கு வேண்டியதைவிட மென்மையாகிவிட்டது என்று பொருள். ஆனால் அந்த மென்மை அந்த மூலையோடு நின்றுவிடுகிறது. புதிய அரம் ஒன்றை எடுத்து, நீல மூலையிலும் அதன் பக்கத்திலும் லேசாக இழுத்துப் பாருங்கள். மென்மையான இடத்தில் அரம் கடிக்கும். கெட்டியான இடத்தில் வழுக்கும். கடிப்பது எங்கே நிற்கிறதோ அதுவரை கையால், நீர் விட்டுக்கொண்டே, கல்லில் தேய்த்துக் கழித்துவிட்டால் போதும். மின்சாணை இதற்கு வேண்டாம். வாய் மெலிந்திருக்கும் இடத்தில் ஒரு நொடி நேர உராய்வே மறுபடியும் நீலத்தைக் கொண்டுவந்துவிடும்.

துருவுக்குக் கம்பிச் சக்கரம் வைத்துத் தேய்க்காதீர்கள். முத்திரை இருந்தால் அதுவும் சேர்ந்து போகும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்தாலே மேல்துரு உதிரும். அழுத்தமான துருவுக்கு மின்பகுப்பு நல்ல முறை. பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரைத்து, வாச்சியை 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையில் கட்டித் தொங்கவிட்டு, நேர்முனையில் சாதாரண இரும்புத் தகட்டைக் கட்டுங்கள். துருப்பிடிக்காத எவர்சில்வர் தகட்டை அந்த முனையில் கட்டவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து, நச்சுத்தன்மையுள்ள சேர்மமாகத் தண்ணீரில் சேரும். ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் திறந்த வெளியில், உலையில் நெருப்பு இல்லாத நாளில் செய்யுங்கள். முடிந்த பிறகு கடுக்காய்த் தூளைக் கொதிக்கவைத்து வடித்த நீரைத் தடவினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் மிச்சமிருக்கும் துருவோடு சேர்ந்து நீலக்கருமையான படலமாக நிற்கும். அதன்மேல் தேங்காயெண்ணெயோ தேன்மெழுகோ பூசிவைத்தால் நம் ஊர் ஈரக்காற்றைத் தாங்கும்.

பட்டறைவாசி:

கரிநெருப்பு ஐயா எழுதியதில் சோதித்துப் பார்க்கும் முறைகள் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உருக்கு வைப்பதையே பழைய கருவிக்குச் செய்யக்கூடாத செயலாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

என் தந்தையார் விருதுநகர்ப் பக்கத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். மண்வெட்டி, கொழு, கோடாலி, வாச்சி என எல்லாமே வாய் தேய்ந்ததும் பட்டறைக்கு வரும். பழைய உருக்கின் மிச்சத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக் கொடுப்பார். ஒரே உடம்புக்கு மூன்று தலைமுறையாக வாய் மாறிவந்த கருவிகளைப் பார்த்திருக்கிறேன். காவிரிக்கரை வைத்திருக்கும் வாச்சியில் இப்போது இருக்கும் உருக்குகூட முதன்முதலில் வைத்ததுதானா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உருக்கு தீர்ந்துபோன கருவிக்கு மறுபடியும் உருக்கு வைப்பது அதன் வாழ்க்கையிலேயே அடங்கிய செயல்; அதைச் செய்யாமல் சுவரில் மாட்டிவைப்பதை என்னால் பாதுகாப்பு என்று ஏற்க முடியவில்லை.

ஆகவே சோதித்த பிறகு உருக்கு மிச்சம் இல்லை என்று தெரிந்தால் இப்படிச் செய்யலாம். புதிய உருக்குக்குப் பழைய அரம் நன்றாக ஆகும். அதில் கரிப்பங்கு அதிகம், வேறு உலோகக் கலப்பு குறைவு, எனவே எளிதில் பற்றும். இக்காலத்து மலிவான அரங்களில் சில மேல்தோல் மட்டும் கெட்டியாக்கப்பட்டவை. துணியில் சுற்றிக் குறட்டில் பிடித்து ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள்; உடைந்த முகம் முழுவதும் ஒரே மாதிரி நுண்ணிய சாம்பல் நிறத்தில் இருந்தால் நல்ல அரம். பற்றவைக்கும் முன் பற்களைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பற்களின் பள்ளத்தில் செதில் (சூட்டில் இரும்பின்மேல் படியும் கருந்தோல்) தங்கினால் அந்த இடம் பற்றாது. லாரிப் பட்டையில் சிலிக்கன் கலப்பு இருப்பதால் அது இந்த வேலைக்கு முரண்டு பிடிக்கும்.

உடம்பையும் உருக்கையும் தனித்தனியாகத் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்று இடைவெளியின்றிப் படிகிறதா என்று பார்த்து, மெல்லிய கம்பியால் கட்டிக்கொள்ளுங்கள். வெண்காரத்தை (போராக்ஸ்) முதலில் இரும்புச் சட்டியில் வறுத்துப் பொடிசெய்யுங்கள். பச்சையாகப் போட்டால் அதிலுள்ள நீர் பொங்கி, வெண்காரம் உதிர்ந்துவிடும். செஞ்சூடு வந்ததும் இணைப்பில் வறுத்த வெண்காரத்தைத் தூவி மறுபடியும் உலையில் வையுங்கள். கரி ஆழமாக இருக்க வேண்டும்; காற்று வரும் வாய்க்கு நேரே இரும்பை வைக்காமல், அதற்கு மேலே ஒரு சாண் கரியின் நடுவில் வைத்தால்தான் நெருப்பு இரும்பைத் தின்னாது. வெண்காரம் உருகி, மேற்பரப்பு ஈரமானதுபோல் மின்னி, நிறம் நல்ல மஞ்சளுக்கு வரும்போது எடுத்துவிட வேண்டும். அப்போது இரும்பு 1200 டிகிரியைத் தாண்டியிருக்கும். பொறி தெறிக்க ஆரம்பித்துவிட்டால் உருக்கு எரிகிறது என்று அர்த்தம். உருக்கு இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே எரியும் என்பதால், உலையில் வைக்கும்போது உருக்கு இருக்கும் பக்கத்தைச் சூடு குறைந்த பக்கமாகத் திருப்பிவையுங்கள்.

முதல் அடிகள் சிறிய சுத்தியலால், மென்மையாக, வேகமாக, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போக வேண்டும். ஓங்கி அடித்தால் பற்றுவதற்கு முன்பே உருக்கு வழுக்கி விலகிவிடும். உருகிய வெண்காரம் ஊசியாகத் தெறிக்கும், ஆகவே பக்கத்தில் யாரையும் நிற்கவிடாதீர்கள். இதைத் தாத்தாவின் வாச்சியில் பழகக் கூடாது. பழைய கேட்டுக் கம்பி, கழித்துப்போட்ட மண்வெட்டி போன்றவற்றில் அரத்துண்டை வைத்துப் பழகி, பற்றிய துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்து, கோடு இடைவெளியின்றி வருகிறது என்று உறுதியான பிறகு தொடலாம். அல்லது அக்கம்பக்கத்தில் இன்னும் கரி உலை வைத்திருக்கும் கொல்லரிடம் கூலி கொடுத்து, அருகில் நின்று பார்த்துக்கொள்ளலாம். இப்போது பல பட்டறைகளில் கரண்ட் வெல்டிங்கால் ஒட்டித் தருகிறார்கள், அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

செம்மண்காடு:

தண்டவாளத் துண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரயில்வே சொத்தை உரிய ஆவணம் இல்லாமல் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரயில்வே ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து ரசீதோடு வந்த துண்டு என்று காட்ட முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம். பழைய இரும்புக் கடையிலேயே பெரிய இயந்திரங்களிலிருந்து கழற்றிய கனத்த எஃகுக் கட்டைகள் கிடைக்கும். பத்துக் கிலோ சம்மட்டித் தலையை வேப்பங்கட்டையில் பாதி புதைத்து, முகத்தை மேலே வைத்தாலும் வாச்சி அளவு வேலைக்குத் தாராளமாகப் போதும்.

உலைக்குக் காற்று வரும் குழாய் கால்வனைஸ்டு குழாயாக இருந்தால் மாற்றிவிடுங்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகையை இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். கறுப்பு இரும்புக் குழாயே போடுங்கள். பின்கட்டுத் தரை சிமெண்டாக இருந்தால் அதன்மேல் மணல் பரப்பிக்கொள்ளுங்கள். பழுத்த இரும்பு தவறி விழுந்தால் சிமெண்டில் உள்ள ஈரம் ஆவியாகித் தரை வெடித்துச் சில்லு தெறிக்கும். பாலியெஸ்டர் சட்டையோடு உலைக்கு முன் நிற்காதீர்கள்.

காவிரிக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்டவாளத் துண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபடி தேய்த்து, பெரிக் குளோரைடு தடவிப் பார்த்தேன். கோடு மிகத் தெளிவாகத் தெரிந்தது. வெளிமுகத்தில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் கருமையான பட்டை, வாயிலிருந்து மேல்நோக்கிப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வரை போகிறது; அதற்கு மேல் மெலிந்து முடிந்துவிடுகிறது. உட்புறத்து இரும்பில் நீங்கள் சொன்ன இழைகள் ஓடுகின்றன. கருமைக்கும் வெளிறலுக்கும் இடையே ஓர் இடத்தில் புள்ளி வைத்ததுபோல் சிறு கசடு மாட்டியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் ஒரே சீராகப் பற்றியிருக்கிறது. அந்த வேலையைச் செய்தவரின் கை எனக்கு முன்னால் இருப்பதாக உணர்ந்தேன். முத்திரை எதுவும் இல்லை.

அரம் வலது மூலையில் மூன்று மில்லிமீட்டர் வரை கடிக்கிறது, அதற்கு மேல் வழுக்குகிறது. எனவே மூன்று மில்லிமீட்டர் கழித்தாலும் ஒன்பது மில்லிமீட்டர் உருக்கு மிஞ்சும். உலைக்குக் கொண்டுபோகாமல் கையாலேயே தேய்த்துவிட முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. துளையின் ஓரத்து விரிசலைக் கரண்ட் வெல்டிங்கால் அடைக்கலாமா? நகலுக்கு லாரிப் பட்டையே போதுமா?

கரிநெருப்பு:

ஒன்பது மில்லிமீட்டர் என்பது பெரிய இருப்பு. கையால் தீட்டிப் பயன்படுத்தினால் உங்கள் காலத்துக்கும் வரும். பட்டறைவாசி ஐயா சொன்ன வாதத்தை நான் மறுக்கவில்லை. உருக்கு தீரும் நாளில் அவர் சொன்ன முறைதான் சரி.

விரிசலுக்கு வெல்டிங் வேண்டாம். தேனிரும்பில் உள்ள கசடு உருகி வெல்டிங்குக்குள் கலந்து, பக்கத்திலேயே புதிய விரிசலை உண்டாக்கும். முதலில் அது உண்மையில் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். அந்த இடத்தை மண்ணெண்ணெயில் நனைத்து, சற்று நேரம் ஊறவிட்டு, மேற்பரப்பை உலரத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளை ஸ்பிரிட்டில் குழைத்து மெல்லப் பூசுங்கள். ஸ்பிரிட் உலர்ந்து வெள்ளைப் படலமானதும், விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் கசிந்து, வெண்மையின் நடுவே கோடாகத் தெரியும். கோடு துளையின் உதட்டோடு நின்றால் அது கசடு இழையோடு பிரிந்த மேல்பிளவு, கேடில்லை. துளையின் சுவர் முழுவதையும் கடந்து போனால், விரிசலின் முனையில் இரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு மேலும் ஓடாமல் நிறுத்தலாம். அப்படிப்பட்ட வாச்சியைக் கனமான வேலைக்குப் பயன்படுத்தாமல், செதுக்கிச் சமன்செய்யும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எப்படியானாலும் காம்பை இறுக்க இரும்பு ஆப்பு அடிக்காதீர்கள். பெரும்பாலும் இந்த விரிசலே அப்படி அடித்த ஆப்பால் வந்ததாக இருக்கும்.

நகலுக்கு லாரிப் பட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாச்சியின் காம்புத் துளை பட்டையின் அகன்ற முகத்தைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனத்தில் போட்ட துளை காம்பைப் பிடித்து நிற்காது, ஆட்டம் கொடுக்கும். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் இருக்கலாம். எஃகுக் கடையில் ஈ.என். 9 என்று கேட்டு, இருபத்தைந்து மில்லிமீட்டர் கனத்தில் ஒரு துண்டு வாங்குங்கள். அதில் கரி 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். வேறு சிக்கலான கலப்பு இல்லாததால் வீட்டு உலையில் நாம் எதிர்பார்ப்பதுபோல் நடந்துகொள்ளும். துளையை மஞ்சள் சூட்டில் இருபக்கமும் குத்தி, நீள்வட்ட உளியால் விரித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகே அலகை இழுங்கள்; அலகை முதலில் மெலித்துவிட்டால் துளை போடும்போது அது கோணிக்கொள்ளும்.

அடித்து முடித்த பிறகு, காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேல் காய்ச்சி, காற்றில் ஆறவிடுங்கள்; இதை இரண்டு மூன்று முறை செய்தால் அடித்தபோது பருத்த எஃகின் உள்மணிகள் மீண்டும் நுண்ணியதாகும். காந்தம் விடுவது 770 டிகிரியில். இந்த எஃகுக்கு 810 முதல் 840 வரை வேண்டும். கண்ணால் நிறம் பார்ப்பது பகல் வெளிச்சத்தில் ஏமாற்றும், ஆகையால் அந்தி நேரத்தில் நிழலில் செய்யுங்கள். அத்துடன் சமையல் உப்பு 801 டிகிரியில் உருகும். வாய்ப்பகுதியில் சிறிது உப்பைத் தூவுங்கள். அது உருகி மின்னிய பிறகு இன்னும் சிறிது நேரம் உலையில் வைத்தால் சரியான சூட்டுக்கு மிக அருகில் இருப்பீர்கள்.

தோய்ச்சலுக்குத் தண்ணீர் வேண்டாம். கடலையெண்ணெயோ தவிட்டெண்ணெயோ நான்கைந்து லிட்டர், மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில், கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை மட்டும் எண்ணெயில் இறக்கி, சிறிது மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரே ஆழத்தில் நிறுத்திப் பிடித்தால் கெட்டியான பகுதியும் மென்மையான பகுதியும் ஒரே கோட்டில் சந்தித்து, அங்கே பிளக்கக்கூடும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டு அடக்குங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. அரம் வழுக்குகிறதா என்று பார்த்த பிறகு, அதே நாளில், மின் அடுப்பில் (ஓவனில்) 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை வையுங்கள். இந்த அளவுக்குப் பதம் தணிந்தால் வேப்பங்கட்டையின் முடிச்சிலும் வாய் உடையாது.

பட்டறைவாசி:

தம்பி, கையால் தேய்க்க முடிவு செய்தது நல்ல முடிவு. அந்த ஒன்பது மில்லிமீட்டரும் உங்களுக்கு வேலை செய்யட்டும்.

நகலைப் பற்றி ஒரே ஒரு பொருளைச் சேர்க்கிறேன். புதிதாக அடிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். எஃகு சரியாக அமைந்தும், அலகு காம்போடு சேரும் கோணம் பிசகினால் அந்த வாச்சி கையில் நிற்காது. கோணம் அதிகமாகத் திறந்திருந்தால் வாய் மரத்தில் கவ்வாமல் சறுக்கிக்கொண்டு காலை நோக்கி வரும். அதிகமாக மூடியிருந்தால் ஒவ்வொரு கொத்தும் ஆழமாக மாட்டிக்கொண்டு, பெயர்த்தெடுக்க வேண்டியதாகும். வெளிமுகத்தின் வளைவும் ஏனோதானோவென்று வந்ததல்ல. காம்பைப் பிடிக்கும் கையை மையமாக வைத்து வீசும்போது வாய் போகும் வட்டத்தை ஒட்டியே அது அமைந்திருக்கிறது.

ஆகவே உலையை மூட்டுவதற்கு முன்பு பழைய வாச்சிக்குத் தற்காலிகக் காம்பு ஒன்று செருகுங்கள். கனமான அட்டையை அதன் பக்கவாட்டில் வைத்து, வெளிமுக வளைவையும், துளையின் அச்சு அலகோடு சேரும் கோணத்தையும், சரிவின் கோணத்தையும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அலகு தேய்ந்து குட்டையாகியிருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அதன் வளைவை அட்டையில் அதே வட்டத்தில் இன்னும் மூன்று விரற்கடை நீட்டி வரைந்தால்தான் தாத்தா முதன்முதலில் வாங்கியபோது அது இருந்த நீளம் கிடைக்கும். அந்த அட்டையை இரும்புத் தகட்டில் பதிந்து வெட்டி, அடைகல்லின் பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சூட்டுக்கும் வைத்துப் பார்க்கலாம். அலகை வளைப்பதெல்லாம் தோய்ச்சலுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

காம்புக்குக் கருவேலமோ புளியோ நன்கு காய்ந்த கட்டையாக எடுங்கள். துளையை வேண்டிய அளவுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவாக விட்டு, ஆறிய பிறகு அரத்தால் உள்பக்கத்தைச் சமன்செய்து, காம்பை அதற்கேற்பச் செதுக்கிப் பொருத்துங்கள். துளை வெளிப்பக்கம் சற்றே அகலமாகவும் கைப்பக்கம் சற்றே குறுகலாகவும் இருந்தால், காம்பை மண்வெட்டிக்குச் செருகுவதுபோல் மேலிருந்து இறக்கலாம். ஒவ்வொரு வீச்சிலும் அது தானாகவே இறுகும், ஆப்பு வேண்டியிருக்காது. பழைய வாச்சியின் துளையும் அப்படித்தான் இருக்கிறதா என்று முதலில் இருபக்கமும் அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். விரிசல் எந்தப் பக்க உதட்டில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.